பின்னிணைப்புக்குள் வாருங்கள்!

மருத்துவ இதழில் வரும் ஆய்வுக் கட்டுரை பத்துப் பக்கம் இருந்தாலே அதிகம். சுருக்கம், இரண்டு படம், ஓர் அட்டவணை, அடக்க ஒடுக்கமாக ஒரு முடிவுரை. கல்யாண மண்டபத்தின் முன்வாசல் அது. பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் இருக்கும். பின்கட்டுக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும், எத்தனை அடுப்பு எரிகிறது, எத்தனை பேர் காய் நறுக்குகிறார்கள், சாம்பாருக்கு உப்பு விழுந்ததா இல்லையா என்று எத்தனை சண்டை நடக்கிறது என்று! ஆய்வுக் கட்டுரைக்கும் அப்படி ஒரு பின்கட்டு உண்டு. பின்னிணைப்பு என்பார்கள். நூறு பக்கம் சர்வ சாதாரணம். பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை. நான் அதற்காகவே கட்டுரையைத் திறக்கிற ஆள். இன்றைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நாம் நுழையப்போவது காசநோய்க் கணக்குக்குள்.

இரண்டு வாரமாக இருமல் நிற்காத ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். கையில் சளி டப்பாவைக் கொடுக்கிறார்கள். அந்தச் சளியை என்ன செய்வது? கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். மலிவான வழி, கிருமி குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் போன்ற கருவியில் போட்டால் கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கும்; ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா அடங்காதா என்றும் சொல்லிவிடும். செலவு அதிகம். அப்படியானால் எல்லா ஊரிலும் கருவி வைப்பதா, பெரிய மருத்துவமனைகளில் மட்டும் வைப்பதா, முதலில் எக்ஸ்-ரே எடுத்து வடிகட்டிவிட்டுக் கருவிக்கு அனுப்புவதா?

அந்த அறையில் இருக்கும் டாக்டர் முடிவு செய்கிற விஷயமில்லை இது. எங்கோ ஒரு கணினியில், ஒருமுறைகூட இருமியிராத லட்சக்கணக்கான கற்பனை மனிதர்களை வைத்து யாரோ இதை முன்பே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். சுகாதாரப் பொருளியலாளர்களும் நோய்ப் பரவல் மாடல் போடுகிறவர்களும் சேர்ந்து செய்கிற வேலை. இந்தப் பணத்துக்கு எத்தனை உயிர் மிஞ்சும்? அதே பணத்தை வேறிடத்தில் போட்டால் இன்னும் எத்தனை? இந்த இரண்டு கேள்விக்காகத்தான் அந்த நூறு பக்கமும்!

கட்டங்களும் அம்புகளும்

பின்னிணைப்பில் நாலைந்து பக்கம் திருப்பியதும் ஒரு படம் வரும். எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கும் இடம் இது. ஐந்தாறு கட்டங்கள். கிருமி தொற்றாதவர், தொற்றியும் நோய் வராதவர், நோய் வந்தும் கண்டுபிடிக்கப்படாதவர், சிகிச்சையில் இருப்பவர், குணமானவர், இறந்தவர். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புகள். ஒவ்வோர் அம்பின் மேலும் ஓர் எண்: இந்தக் கட்டத்தில் இருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேர் அடுத்த மாதம் அந்தக் கட்டத்துக்கு நகர்வார்கள்?

கணினிக்குள் மனிதர்களைப் பிறக்கவைத்து, ஒவ்வொருவருக்காகவும் மாதா மாதம் பகடை உருட்டுகிறார்கள். இவருக்கு இந்த மாதம் நோய் வந்தது. அவர் மருத்துவமனைக்குப் போனார். மைக்ராஸ்கோப்பில் தப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து பேரனுக்குத் தொற்றவைத்தார். இப்படியே இருபது, முப்பது வருடம் ஓட்டுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் முதல் நாளுக்குத் திருப்பி, அதே மக்களை, ஒரே ஒரு மாற்றத்தோடு, மைக்ராஸ்கோப் இருந்த இடத்தில் கருவியை வைத்து, மறுபடியும் ஓட்டுகிறார்கள். இரண்டு உலகங்கள்! இரண்டுக்கும் இடையில் எத்தனை இறப்பு குறைந்தது, எத்தனை ரூபாய் கூடியது என்று கழித்துப் பார்த்தால் விடை. நிஜ வாழ்க்கையில் யாருக்கும் கிடைக்காத வசதி இது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குப் புல்லரிக்கும்.

சரி, அம்பின் மேலிருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன? அடுத்த பக்கங்களில் அட்டவணை இருக்கும். வரிசையாக எண், அதன் ஏற்ற இறக்க எல்லை, அது எந்த ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு. அதில் ஓர் அம்பை மட்டும் விரலால் தொடருங்கள்: ‘கண்டுபிடிக்கப்படாதவர்’ கட்டத்திலிருந்து ‘இறந்தவர்’ கட்டத்துக்குப் போகும் அம்பு. மருந்து கொடுக்காமல் விட்டால் காசநோயாளிக்கு என்ன ஆகும்? மருந்து இருக்கும் காலத்தில் ஒருவரை அப்படி விட்டுவைத்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதனால் மாடல் போடுகிறவர்கள் பழைய பதிவேடுகளுக்குள் போகிறார்கள். மருந்து கண்டுபிடிப்பதற்கு முந்தைய ஐரோப்பாவின் ஏடுகள் ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், பெங்களூரு! அங்கே 1959இல் தொடங்கப்பட்ட தேசிய காசநோய் நிறுவனம், 1961 முதல் 1968 வரை பெங்களூரு மாவட்டத்தின் 119 கிராமங்களை மறுபடி மறுபடி சுற்றி வந்து கணக்கெடுத்தது. ஊர்ப்புறத்தில் முறையான சிகிச்சை எட்டாதிருந்த காலம். முதல் சுற்றில் சளியில் கிருமி இருந்தவர்களை ஐந்து வருடம் கழித்துத் தேடிப் போனார்கள். ஏறக்குறைய பாதிப் பேர், 49 சதவீதம், இறந்திருந்தார்கள். 18 சதவீதம் பேர் இன்னும் கிருமியோடு இருமிக்கொண்டிருந்தார்கள். 33 சதவீதம் பேர் தாமாகவே தேறியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1974இல் இது வெளிவந்தது. அதே வருடம் நார்வேக்காரர் ஹன்ஸ் வாலரும் பெங்களூரு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து, தென்னிந்தியக் கிராமங்களில் காசநோய் எந்தத் திசையில் போகும், எந்தத் திட்டம் அதை எவ்வளவு வளைக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்த கட்டுரையும் வந்தது.

அந்த மூன்று சதவீதங்களைப் பார்க்கும்போது என் துள்ளல் அடங்கிவிடும். பெயர் தெரியாத அந்தக் கிராமத்து மனிதர்களின் ஐந்து வருடங்கள் அங்கே எண்ணாக நிற்கின்றன. இன்று எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருக்குச் சீக்கிரம் பரிசோதனை கிடைக்க வேண்டும் என்று வாதாடுகிற அம்பு அது.

கையாலேயே ஒரு கணக்கு

இனி நாமே ஒரு குட்டி மாடல் போடலாம். பேனா, பேப்பர் போதும். எண்கள் எல்லாம் பேச்சுக்கு வைத்துக்கொள்வதுதான். விளையாட்டு எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக.

இருமலோடு வந்த ஆயிரம் பேரில் நூறு பேருக்குக் காசநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைக்ராஸ்கோப் 60 பேரைப் பிடிக்கிறது. கருவி 88 பேரைப் பிடிக்கிறது. அடடா, 28 பேர் கூடுதல்! உடனே கருவி வாங்க ஓடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மைக்ராஸ்கோப்பில் தப்பிய 40 பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்களா? டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே! உடம்பு இளைத்திருக்கிறது, ராத்திரி வியர்க்கிறது, எக்ஸ்-ரேயில் நிழல் தெரிகிறது, ‘சளியில் இல்லாவிட்டால் என்ன, இது காசநோய்தான்’ என்று 25 பேருக்கு அவரே மாத்திரை எழுதிவிடுகிறார். ஆக 85. கருவி வந்த பிறகு என்ன ஆகும்? அது ‘இல்லை’ என்று சொன்ன 12 பேரில் மூன்று பேருக்குத்தான் டாக்டர் துணிந்து எழுதுகிறார், கருவியின் பேச்சில் நம்பிக்கை வந்துவிட்டதால். ஆக 91. இருபத்தெட்டாகத் தெரிந்த வித்தியாசம் ஆறாகச் சுருங்கிவிட்டது!

இன்னும் ஒரு படி. முடிவு வந்தும் ஆறில் ஒருவர் மருந்து தொடங்காமலே காணாமல் போகிறார் என்று வைப்போம். மைக்ராஸ்கோப் உலகத்தில் 85 பேர் 71 ஆகிறார்கள். கருவி உலகத்தில் 91 பேர் 76 ஆகிறார்கள். இப்போது கருவியே வாங்காமல், அந்தக் காணாமல் போகிறவர்களை மட்டும் வீடு தேடிப் போய் அழைத்து வந்தால்? 85! பழைய மைக்ராஸ்கோப்பும் ஒரு சைக்கிளும் சேர்ந்து புதுக் கருவியை முந்துகின்றன. இரண்டையும் செய்தால் 91. விடையை மாற்றியது கருவியின் துல்லியம் மட்டுமா, பாருங்கள். எந்த அம்பை வரைந்தோம், எதை வரையாமல் விட்டோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். மாடலின் அழகும் ஆபத்தும் அதுவேதான்: கட்டம் போட்டது கணக்கில் வரும், போடாதது கண்ணிலேயே படாது.

தென்னாப்பிரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு! கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட செய்தி! 2011 மார்ச்சிலேயே தென்னாப்பிரிக்கா நாடு முழுக்கக் கொண்டுபோக ஆரம்பித்தது. அதே வருடம் இந்தியா, தென்னாப்பிரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளுக்கும் அன்னா வாசல் குழுவினர் போட்ட மாடல், கருவி செலவுக்கேற்ற பலன் தரும் என்றது. பிறகு நிஜ மனிதர்களை வைத்து ஆய்வு நடந்தது. இருபது ஆய்வகங்களில் குலுக்கல் முறையில் பாதிக்கு முதலில் கருவி, மீதிக்கு மைக்ராஸ்கோப். 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஆறு மாத இறப்பில் கணக்கில் கொள்ளத்தக்க வித்தியாசம் இல்லை!

காரணங்களைத் தேடினால் நம் பேப்பர்க் கணக்கின் இரண்டு ஓட்டைகளும் அங்கே இருந்தன. மைக்ராஸ்கோப் பக்கத்து டாக்டர்கள் ஏற்கெனவே தங்கள் அனுபவத்தை வைத்து நிறையப் பேருக்கு மருந்து தொடங்கியிருந்தார்கள். கருவி பக்கத்திலும் நோய் உறுதியானவர்களில் ஆறில் ஒருவர் அளவுக்கு உரிய நேரத்தில் மருந்து தொடங்கவில்லை. அந்த அம்புகள் பழைய மாடல்களில் அடியோடு இல்லாமல் இல்லை, மெலிதாக வரைந்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது: முதல் மாடலைப் போட்ட அதே அன்னா வாசல், 2017இல் நிஜ ஆய்வின் செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எதிர்பார்த்த பலன் ஏன் வரவில்லை என்று வரி வரியாக எழுதினார். கருவி வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியை அன்றைக்கே காட்டிக்கொடுப்பது பெரிய காரியம். கருவியை வாங்கிவிட்டு அதைச் சுற்றியிருக்கும் ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் பணத்துக்கு உயிர் வராது, அவ்வளவுதான்.

சூறாவளியும் மேகமும்

பின்னிணைப்பின் நடுப்பகுதியில் ஒரு வண்ணப் படம் உட்கார்ந்திருக்கும். மேலே நீளமான பட்டை, கீழே போகப் போகக் குட்டையாகி, புனல் வடிவில் முடியும். பெயரே சூறாவளிப் படம்! ஒவ்வொரு பட்டையும் ஓர் எண்ணைக் குறிக்கும். அந்த எண்ணை மட்டும் அதன் கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இழுத்துப் பார்த்தால் விடை எவ்வளவு ஆடுகிறது என்பது பட்டையின் நீளம். மேலே இருக்கிற பட்டைதான் ராஜா. எதைப் பற்றிச் சண்டை போட வேண்டும், எதைப் பற்றிப் போட வேண்டாம் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

அதற்குப் பக்கத்தில் ஒரு மேகம் இருக்கும். எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் கலைத்துப் போட்டு மாடலை ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் சேர்ந்து மேகமாகும். போட்ட பணத்துக்குத் தகும், தகாது என்று பிரிக்கிற ஒரு கோடும் அதில் இருக்கும். மேகத்தின் பெரும்பகுதி கோட்டுக்குத் ‘தகும்’ பக்கம் விழுந்தால் நிம்மதி. இரண்டு பக்கமும் பரவிக் கிடந்தால், இன்னும் தகவல் தேவை என்று மாடலே ஒப்புக்கொள்கிறது. இவ்வளவு வெளிப்படையாகத் தன் சந்தேகத்தைப் படம் போட்டுக் காட்டுகிற துறை எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

இதில் விலை என்கிற எண் அலாதியானது. மற்ற எண்களில் பல இயற்கை கொடுத்தவை. விலை மனிதர்கள் வைத்தது. பேசினால் இறங்கும்! ஜீன்எக்ஸ்பர்ட் கருவிக்குள் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் போட வேண்டும். ஏழை நாடுகளுக்கு அதன் விலை 16.86 டாலராக இருந்தது. 2012 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் அமைப்புகள், யூனிட்எய்ட், கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவை பணம் போட்டு அதை 9.98 டாலருக்கு இறக்கின. அப்புறம் பதினொரு வருடம் அசையவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, இதைப் பெருமளவில் தயாரித்தால் ஆகும் செலவு ஐந்து டாலருக்குள் வரும் என்ற மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஐந்து டாலருக்குக் கொடு’ என்று விடாமல் கேட்டது. எழுத்தாளர் ஜான் கிரீனும் அவருடைய வாசகர்களும் குரல் கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில் 7.97 டாலர் ஆனது. தயாரிப்புச் செலவைப் பிரித்துக் கணக்குப் போட்டவர்கள் இல்லாவிட்டால், எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்பது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

உயிரை எப்படி அளக்கிறார்கள்?

இங்கேதான் பலர் முகம் சுளிப்பார்கள். அளந்துதான் ஆக வேண்டும். அளக்காமல் விட்டால் குரல் ஓங்கியவர் பக்கம் பணம் போகும் என்பது என் எண்ணம். டாலி என்று ஓர் அளவு இருக்கிறது. 1993இல் உலக வங்கியின் வளர்ச்சி அறிக்கை அதைப் பிரபலமாக்கியது. சீக்கிரம் இறந்ததால் இழந்த ஆண்டுகள், அதோடு நோயோடு வாழ்ந்ததால் தேய்ந்த ஆண்டுகள். காசநோயோடு ஒரு வருடம் வாழ்ந்தால் 0.333 வருடம் தேய்ந்ததாகக் கொள்கிறார்கள். வருடத்தில் நான்கு மாதத்தை நோய் தின்றுவிட்டது என்று அர்த்தம். இப்படி எண்ணிப் பார்த்ததில் காசநோய் சிகிச்சைக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. கிறிஸ்டோபர் மரேயும் காரெல் ஸ்டிப்லோவும் அவர்களுடைய கூட்டாளிகளும் தான்சானியா, மலாவி, மொசாம்பிக் நாடுகளின் செலவைக் கணக்கிட்டு 1991இல் எழுதிய கட்டுரை, போட்ட பணத்துக்கு இவ்வளவு ஆயுளைத் திருப்பித் தரும் சிகிச்சைகள் மிகக் குறைவு என்று காட்டியது. அதற்குப் பிறகுதான் பணம் கொடுப்பவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

எனக்கு உடன்பாடில்லாத ஒரு வரியும் பின்னிணைப்பில் தவறாமல் வரும். எதிர்கால ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு மூன்று சதவீதம் கழிவு! அந்தக் கணக்குப்படி முப்பது வருடம் கழித்து ஒரு குழந்தை வாழப்போகும் ஒரு முழு வருடம், இன்றைய கணக்கில் 0.41 வருடம்தான். பணத்துக்கு அது பொருந்தலாம். ஆயுளுக்கு ஏன்? கழிவே இல்லாமலும் ஓட்டிக் காட்டுகிற கட்டுரைகளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒரு கட்டத்துக்குள் நெடுங்காலம் ஒளிந்திருந்தது. ‘குணமானவர்’ என்ற கட்டம். ஆறு மாத மருந்தை முடித்ததும் கற்பனை மனிதர் அதற்குள் போய்விடுவார். அத்தோடு மாடல் அவரை முழு ஆரோக்கியசாலியாகக் கணக்கில் வைத்துவிடும். காசநோய் வந்து தேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நுரையீரலில் தழும்பு இருக்கும். மூட்டை தூக்கிய வேலைக்குத் திரும்ப முடியாது. நிக் மென்சீஸ் குழுவினர் 2021இல் அந்தக் கட்டத்தைப் பிரித்து, ‘தேறியவர், ஆனால் நுரையீரல் பழுதானவர்’ என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். 2019இல் உலகில் காசநோய் கண்டவர்கள் தங்கள் ஆயுளில் இழக்கப்போவது 12.2 கோடி டாலி. அதில் 5.8 கோடி, கிட்டத்தட்ட பாதி, மருந்து முடிந்த பிறகு வருவது! ஒரே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டதும் நோயின் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதன் மதிப்பும் கூடவே ஏறிவிட்டது. அந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்தபோது எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன், உட்கார முடியவில்லை.

சேத்துப்பட்டில் அழிந்த கட்டம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து நடத்தியது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பாதி வீட்டிலேயே, நெருக்கடியான ஒண்டுக் குடித்தனத்திலேயே. இரு பிரிவினருக்கும் ஒரே மாத்திரை. 1959இல் முடிவு வெளிவந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் தேறினார்கள். குடும்பத்தாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை என்பது அதைத் தொடர்ந்து தெரிந்தது. படுக்கை இல்லாத நாடுகளுக்கெல்லாம் வழி திறந்துவிட்ட முடிவு. உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே நம் சேத்துப்பட்டு திருப்பிப் போட்டது!

கூடவே ஒன்று நடந்தது. வீட்டில் அரைகுறைச் சாப்பாடு சாப்பிட்டவரும் மாத்திரையால் தேறினார் என்றதும், சாப்பாடு முக்கியமில்லை என்று உலகம் எடுத்துக்கொண்டது. கிருமியைக் கொல்ல மாத்திரை போதும் என்பதுதான் ஆய்வு சொன்னது. நோய் வராமல் தடுக்கவும், நோயாளி சாகாமல் இருக்கவும் சோறு வேண்டாம் என்று அது சொல்லவே இல்லை. ஆனாலும் பசி என்ற கட்டம் படத்திலிருந்து அழிந்துபோய், வெகு காலம் அப்படியே கிடந்தது.

அதைத் திரும்ப வரைந்தது ஜார்க்கண்ட். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் 2019 முதல் 2022 வரை நடந்த ரேஷன்ஸ் ஆய்வில் 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுக் கூடை. ஒரு பிரிவில் வீட்டிலிருந்த ஒவ்வொரு பெரியவருக்கும் கூட மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. இவ்வளவுதான் மருந்து! சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலோ, முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அரிசி! பருப்பு!

கணக்குப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? லண்டனைச் சேர்ந்த மெக்வெய்டும் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்களும் இந்த எண்களைத் தங்கள் அம்புகளில் ஏற்றி, இந்தியா முழுமைக்கும் ஓட்டினார்கள். 2025இல் வந்த விடை: சராசரியாக 24 குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஓர் இறப்பு தடுக்கப்படும்; பத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராது. செலவுக்கேற்ற பலன் நிச்சயம் என்றது மாடல். காசநோயாளிகளின் சாப்பாட்டுக்காக மத்திய அரசு நடத்தும் நிக்ஷய் போஷன் திட்டத்தில் 2018இல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கிய உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அந்தப் பணம் வீட்டில் எத்தனை தட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் யாராவது ஓர் அம்பாக வரைய வேண்டும். எனக்கு அதைப் பார்க்க ஆசை.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கியது காசநோய் இறப்பில்லா திட்டம். மாநிலக் காசநோய்ப் பிரிவும், அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து செய்வது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் நோய் உறுதியான அன்றைக்கே, இவர்களில் யார் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அதற்கு என்ன கருவி? எடை பார்க்கும் இயந்திரம், உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ஒரு கடிகாரம். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு 14க்குக் கீழே போயிருக்கிறதா? நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? ஆக்ஸிஜன் 94க்குக் கீழா? கை கொடுக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? எழுந்து நிற்கச் சொல்வதுதான் பரிசோதனை! இதில் ஒன்று தவறினாலும் மருத்துவமனையில் சேர்த்து, முழுமையாகப் பார்த்து, சத்துணவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இப்படிச் சேர்ந்த தகவல்களை வைத்தே ஓர் இறப்புக் கணிப்பு மாடல் உருவாகி, 2025இல் சுகாதாரப் பணியாளர்கள் பயன்படுத்தும் செயலிக்குள் வந்துவிட்டது. ஆபத்து அறிகுறி உள்ளவருக்கு இறப்பு வாய்ப்பு 10 முதல் 50 சதவீதம் வரை. இல்லாதவருக்கு 1 முதல் 4 சதவீதம். திரையில் அந்த எண்ணைப் பார்க்கும் நர்ஸ், ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லமாட்டார்.

இப்போது புதிதாகச் சூடு பிடித்திருக்கும் வாக்குவாதத்தையும் காட்டிவிடுகிறேன். குழந்தைகளுக்குச் சளி துப்பத் தெரியாது. பெரியவர்களிலும் பலருக்கு வராது. சளிக்குப் பதில் நாக்கில் ஒரு பஞ்சுக் குச்சியைத் தடவிப் பரிசோதித்தால் என்ன? துல்லியம் குறையும், வரிசையில் நிற்பவர் எல்லோரிடமும் எடுக்கலாம். 2024இல் உலக சுகாதார நிறுவனம் புதிய பரிசோதனைகளுக்கான இலக்குகளைத் திருத்தியபோது, எளிதில் எட்டக்கூடிய பரிசோதனைக்குத் துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று எழுதியே வைத்தது. மறுபடியும் பேனாவை எடுங்கள். நூறு நோயாளிகள். சளிப் பரிசோதனை நூற்றுக்கு 88 பேரைப் பிடிக்கும். ஆனால் 50 பேரிடம்தான் சளி கிடைக்கிறது. 44 பேர் அகப்படுகிறார்கள். நாக்குக் குச்சி நூற்றுக்கு 75 பேரைத்தான் பிடிக்கும்; 80 பேரிடம் எடுக்க முடிகிறது. 60 பேர்! துல்லியம் குறைந்தது ஜெயிக்கிறது! இப்போது அந்த எண்பதை 55 ஆக்கிப் பாருங்கள். 41. குச்சி தோற்றுவிட்டது. அந்த எண் எண்பதா ஐம்பத்தைந்தா என்பது ஊருக்கு ஊர் மாறும். கிராமத்துத் திண்ணையில் குச்சியை நீட்டும்போது எத்தனை பேர் வாயைத் திறக்கிறார்கள், எத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று யாராவது போய் எண்ணி வர வேண்டும். எண்ணி வந்ததும் அடுத்த பின்னிணைப்பின் அட்டவணையில் அது ஒரு வரியாக ஏறும். நான் அந்தப் பக்கத்தைத் திறக்கக் காத்திருக்கிறேன்.